எண்ணெய் மணக்கும் மூச்சு

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் அடுக்களையில் முதலில் தேடப்படுவது நல்லெண்ணெய்ப் போத்தல். பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, உடைத்த கோதாலேயே நல்லெண்ணெயை அளந்து விட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கு என்பார்கள். உழுத்தங்களியிலும் எண்ணெய்தான் மிதக்கும். பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் அம்மம்மா விடமாட்டா. இடுப்பெலும்புக்குப் பலம் என்பா. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இப்படித்தான். மலையகத் தோட்டங்களிலும் பச்சை நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் உண்டு.

1977–78 காலத்தில் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து 20க்கும் மேற்பட்ட பதின்வயதுப் பெண்பிள்ளைகள் கால் இழுபட வைத்தியசாலைக்கு வந்தார்கள். காய்ச்சல் இல்லை, அடிபடவும் இல்லை. பாதம் தொங்கியது, படியேற முடியவில்லை. நரம்பியல் மருத்துவர் நிமல் சேனநாயக்கவும் தொழில்சார் மருத்துவ ஆய்வாளர் ஜெயரத்தினமும் துருவிக்கொண்டு போனதில், எல்லாப் பிள்ளைகளும் அண்மையில்தான் வயதுக்கு வந்தவர்கள், எல்லோரும் நல்லெண்ணெய் குடித்தவர்கள் என்பது தெரிந்தது. அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பொசுபேற்று கலந்திருந்தது. கனிய எண்ணெய் இருந்த பாத்திரத்தில் நல்லெண்ணெயை ஊற்றி அனுப்பியதால் கலந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 1981இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது.

அந்த 1977இன் ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகுதான் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. பாரதிபுரம், மலையாளபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி எழும்பிய குடியிருப்புகளில் அவர்கள் கை உண்டு. ஆகவே இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை.

நான் இங்கே எழுத வந்தது விமானத்தைப் பற்றி. டிரைகிரெசில் பொசுபேற்று என்ற அந்தப் பெயர் இன்று உலகத்தில் அதிகம் உச்சரிக்கப்படுவது விமானிகளும் விமானப் பணியாளர்களும் பேசும் இடங்களில்தான். பெயர் நீளம் என்பதால் டிசிபி என்று சுருக்குவார்கள். உலோகம் உலோகத்தோடு உராயும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. ஜெட் எஞ்சின் ஒயிலில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு இதைச் சேர்ப்பது பல காலத்து வழக்கம்.

ஜெட் ஒயில் மனிதர் வயிற்றுக்குள் போனால் என்னவாகும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரப் பக்கத்தில் ஏறத்தாழ 10,000 பேர் கால் விழுந்து போனார்கள். அந்த நாட்டிலிருந்த அமெரிக்க விமானத் தளத்தில் மிச்சமென்று விற்ற ஜெட் எஞ்சின் ஒயிலை வியாபாரிகள் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றிருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் மெக்னெஸ் மக்களும் அதைக் குடித்தார்கள். விமானி குடிப்பதில்லை. ஆனால் அவர் மூச்சுவிடும் காற்று அந்த ஒயிலுக்கு மிகப் பக்கத்தால் வருகிறது. எவ்வளவு பக்கத்தால் என்பதுதான் விசயம்.

35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 54 பாகை செல்சியசு. யன்னலைத் திறந்து காற்று வாங்க வழியில்லை. அந்த ஐதான காற்றை இறுக்கி, சூடாக்கி, உள்ளே அனுப்பவேண்டும். அனுப்பிய பிறகும் உள்ளே கடல்மட்ட அமுக்கம் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி வரையான மலையில் நிற்கும் நிலைதான் இருக்கும். நுவரெலியா நகரம் 6,100 அடிக்குச் சற்று மேலே, பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. கனடாவுக்குப் போகும் ஆச்சி வழிநெடுக அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறா என்று வைத்துக்கொள்ளலாம்.

இறுக்கிய காற்றை எங்கிருந்து எடுப்பது? எஞ்சினிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜெட் எஞ்சினின் முன்பாதி ஒரு பெரிய பம்ப். சுழலும் அலகுகள் வரிசை வரிசையாகக் காற்றை உள்ளே தள்ளித் தள்ளி இறுக்கும். அப்படி இறுகிய காற்றில்தான் பின்னால் எரிபொருளைக் கலந்து எரிக்கிறார்கள். எரியும் இடத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் ஒரு குழாயைப் போட்டு, கொஞ்சக் காற்றைக் கறந்து விமானத்துக்குள் அனுப்புவார்கள். எரிப்புக்கு முந்திய காற்று என்பதால் புகை வராது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைப் போல அந்தக் காற்றும் 200 பாகைக்கு மேலே சூடேறியிருக்கும். அதை வெளிக்குளிரில் ஆற்றி, சின்னச் சுழலி ஒன்றுக்குள் விரிய விட்டு மேலும் குளிரவைத்து, இதமான பதத்துக்குக் கொண்டுவந்து அனுப்புகிறார்கள். பெரிய விமானம் மட்டும் இல்லை, 2019 நவம்பர் 11இல் சென்னையிலிருந்து பலாலிக்குப் பயணிகள் சேவையைத் தொடங்கிய ஏரீஆர் 72 போன்ற காற்றாடி விமானமும் இப்படித்தான் மூச்சுவிடுகிறது.

பயணிகள் பகுதியில் ஏறத்தாழ பாதிக் காற்று இப்படிப் புதிதாக வருவது, பாதி உள்ளேயே சுற்றுவது. சுற்றும் காற்றை வடிகட்டிக்குள் விடுவார்கள். அது கிருமியையும் தூசியையும் நன்றாகப் பிடிக்கும். கொரோனாக் காலத்தில் விமான நிறுவனங்கள் இதைச் சொல்லித்தான் ஆட்களை ஏற்றின. ஆனால் வாயுவும் ஆவியும் அந்தக் கண்ணிக்குள் அகப்படா. அதோடு, எஞ்சினிலிருந்து நேரே வரும் காற்றுக்கு அந்த வடிகட்டி காவலும் இல்லை. போயிங் 737இல் விமானிகள் அறைக்குப் போவது சுற்றிவந்த காற்று கலவாத புதுக்காற்று. நல்ல நாளில் அது சலுகை. எஞ்சினில் பிழை வந்தால் முதலில் வாங்கிக் கட்டுவது அந்த இரண்டு பேரும்தான்.

இனி ஒயில் எப்படி அந்தக் காற்றுக்குள் வருகிறது என்று பார்ப்போம். எஞ்சினின் அச்சு சுழலும் உருளைகளுக்கு ஒயில் வேண்டும். அந்த ஒயில் அறைக்குப் பக்கத்திலேயே காற்றை இறுக்கும் பகுதி. நடுவில் ஒரு தடுப்பு. அது றப்பர் அடைப்பு என்று நினைக்கவேண்டாம், அந்த வேகத்திலும் சூட்டிலும் றப்பர் நிற்காது. பல இடங்களில் இருப்பது பல்லுப்பல்லாக வெட்டிய ஒரு வளையம், அதற்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் காற்றை அமுக்கத்தோடு உள்ளே தள்ளி, ஒயில் வெளியே வராமல் மறித்து வைக்கிறார்கள்.

வயல்காரருக்கு இதை விளக்கச் சிரமமில்லை. வாய்க்கால் மட்டம் உயர்ந்திருக்கும்வரை தண்ணீர் வாய்க்காலிலிருந்து வயலுக்குள் பாயும், வயல் தண்ணீர் திரும்பி வராது. துருசைப் பூட்டி வாய்க்கால் வற்றிவிட்டால், வரம்பில் விட்ட அதே வாய் வழியாக வயல் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும். எஞ்சினை இயக்கத் தொடங்கும்போதும், ஏறி முடிந்து விசையைக் குறைக்கும்போதும், இறங்க ஆயத்தமாகும்போதும் காற்றின் அமுக்கம் இப்படித் தாழ்ந்து மாறும். அந்த நேரங்களில் ஒயில் துளி சற்றுக் கசிவது அந்த அமைப்போடு கூடவே பிறந்த குணம். தடுப்பு தேய்ந்திருந்தாலோ, பராமரிப்பில் ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ கசிவு கூடும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் காற்றும் தரும் வாற்பக்கத்துச் சின்ன எஞ்சினிலும் இதே தொல்லை உண்டு.

கசிந்த ஒயில் சூட்டில் சிதையும். அப்போது வரும் மணத்தை விமானப் பணியாளர்கள் அழுக்குச் சொக்ஸ் மணம் என்பார்கள், நனைந்த நாயின் மணம் என்பார்கள். மாரியில் நனைந்து இரண்டு நாள் சப்பாத்துக்குள் கிடந்த சொக்ஸை நினைத்துப் பாருங்கள். அதற்காக விமானத்துக்குள் மணத்தால் எல்லாம் ஒயில் என்று பயப்படக்கூடாது. கட்டுநாயக்கவில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் விமானத்தின் புகையை எங்கள் எஞ்சின் உறிஞ்சும். எனக்கு அப்படி ஒருமுறை மணந்தபோது பயம் வரவில்லை, தொண்ணூறுகள்தான் வந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டு விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போனவர்களுக்கு அது பழகிய மணம். விமான எரிபொருளும் மண்ணெண்ணெயின் நெருங்கிய சொந்தம்தான். வெதுப்பியில் கருகிய சாப்பாடு, மின்வயர் சூடு, குளிர்நாட்டில் பனி உருகத் தெளிக்கும் திரவம் என்று மணத்துக்கு இன்னும் பல காரணம் உண்டு.

ஆனால் சில நாளில் அது ஒயிலேதான். 2022 ஒக்ரோபர் 12 இரவு கோவாவிலிருந்து ஐதராபாத்துக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400 விமானத்தில் விமானிகள் அறையிலும் பயணிகள் பகுதியிலும் புகை நிறைந்தது. விமானம் ஐதராபாத்தில் இறங்கியது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சோதித்துப் பார்த்தபோது, எஞ்சினிலிருந்து காற்று பிரியும் வால்வில் எஞ்சின் ஒயில் இருந்தது. அந்த வழியாக ஒயில் குளிரூட்டல் அமைப்புக்குள் போய்ப் புகையாகியிருக்கிறது. அதன்பிறகு அந்த நிறுவனத்தின் கியூ400 எஞ்சின்களின் ஒயில் மாதிரியை 15 நாளுக்கு ஒருதரம் எஞ்சின் செய்த பிராட் அண்ட் விட்னி கனடாவுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார்கள். ஒயிலில் உலோகத்துகள் இருக்கிறதா என்று பார்ப்பது, இரத்தம் எடுத்துப் பார்ப்பது மாதிரி. அதே ஆண்டு ஜூலை 2இல் டெல்லியிலிருந்து ஜபல்பூருக்குக் கிளம்பிய இன்னொரு ஸ்பைஸ்ஜெட் விமானமும் 5,000 அடி ஏறும்போது உள்ளே புகை கண்டு டெல்லிக்கே திரும்பியிருந்தது.

அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். 2023 மார்ச் 5இல் கியூபாவின் ஹவானாவிலும் டிசம்பர் 20இல் நியூ ஓர்லியன்சிலும், மேலெழுந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 மாக்ஸ் விமானங்களின் எஞ்சினுக்குள் பறவைகள் போயின. அந்த எஞ்சினில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. விசிறி அலகு சேதமாகிக் கடுமையாக அதிரும்போது, அந்த அதிர்வு விமானத்தின் உடம்புக்குப் போகாமல் ஒரு பாகம் தானாகக் கழன்று கொடுக்கும். அது சொன்னபடி வேலை செய்தது. ஆனால் அப்படிக் கழலும்போது ஒயில் வழிந்து சூடான காற்றுப்பகுதிக்குள் போனது. ஹவானாவில் பழுதானது வலது எஞ்சின், புகை பயணிகளிடம் வந்தது. நியூ ஓர்லியன்சில் இடது எஞ்சின். இடது எஞ்சினின் காற்று விமானிகள் அறைக்குப் போவது என்பதால், முன்னால் உள்ள கருவிகளைப் பார்க்கவே விமானி சிரமப்படும் அளவுக்குப் புகை. இரண்டு விமானங்களும் பத்திரமாகத் திரும்பின. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2025 ஜூனில் இதற்கென்று அவசரப் பரிந்துரைகளை விடுத்தது. ஓர் ஆபத்துக்குப் போட்ட மருந்து இன்னோர் ஆபத்தாய் வரலாம் என்று அந்த விமானிகளுக்கு முன்கூட்டி யாரும் விளங்கச் சொல்லியிருக்கவில்லை.

புகை கண்ணுக்குத் தெரிந்தால் ஒருவகையில் நல்லது. தெரியாத சம்பவங்கள்தான் விமானிகளை அரட்டுகின்றன. 2010 டிசம்பர் 19 இரவு ஜேர்மன்விங்ஸின் எயார்பஸ் 319 ஒன்று வியன்னாவிலிருந்து வந்து கொலோனில் இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கடும் மணம். விமானிகள் இருவருக்கும் குமட்டல், தலைச்சுற்று, கைகால் விறைப்பு. ஒட்சிசன் முகமூடியை மாட்டிக்கொண்டு எப்படியோ தரையிறக்கினார்கள். ஜேர்மனிய விசாரணையாளர்கள் விமானத்தைக் கழற்றிப் பார்த்தும் மணம் பிறந்த இடம் அகப்படவில்லை. இந்தத் துறையில் இப்படி அடிக்கடி நடக்கும். விமானம் தரைக்கு வந்து கதவு திறந்து, பொறியியலாளர் ஏறும்போது காற்று மாறியிருக்கும். மணத்தைப் போத்தலில் அடைத்து வைக்க ஆளில்லை. பெரும்பாலான விமானங்களில் காற்றுக்குள் ஒயில் ஆவி கலந்தால் சிவப்பு லைட் போடும் உணரியும் இல்லை. அத்தனை கருவி நிறைந்த அறையில் இதற்கான கருவி அந்த இரண்டு பேரின் மூக்குத்தான். மூக்கோ சில நிமிடத்தில் எந்த மணத்துக்கும் பழகிவிடும். மாட்டுக்கொட்டிலில் வேலை செய்பவரைக் கேட்டால் தெரியும்.

காற்று கெட்டால் இந்தப் பாடு. காற்றே வராவிட்டால் அது வேறு கதை. 2018 செப்டெம்பர் 20 காலை மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளோடு எழுந்த ஜெட் எயார்வேஸ் 737இல், எஞ்சினிலிருந்து காற்றெடுக்கும் சுவிச்சைப் போட விமானிகள் மறந்துபோனார்கள். ஏற ஏற அமுக்கம் குறைந்து, 30 பேர் வரையில் மூக்காலும் காதாலும் இரத்தம் வந்தது. விமானம் மும்பைக்குத் திரும்பியது. 2005 ஓகஸ்ட் 14இல் சைப்பிரசிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் 737இல் அமுக்கக் கட்டுப்பாடு தவறான நிலையில் விடப்பட்டிருந்தது. விமானிகள் நினைவிழந்தார்கள், விமானம் தானாகப் பறந்து எரிபொருள் தீர்ந்து ஏதென்சுக்கு அருகே விழுந்தது. 121 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. எஞ்சினிலிருந்து வரும் காற்றைக் குறைசொல்லும்போது இதையும் மறக்கக்கூடாது. அந்தக் குழாய்தான் உயிர்.

டிசிபி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை வன்னி வாசகருக்கு வயலிலிருந்தே சொல்லலாம், ஏனென்றால் அது நாங்கள் தலைமுறையாகப் பழகிய குடும்பத்தைச் சேர்ந்தது. காலபோகத்தில் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவர்களுக்கு சேதன பொசுபேற்று என்ற பெயர் தெரியாவிட்டாலும் அதன் குணம் தெரியும். கண் கூசும், வாயூறும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும். முற்றினால் வைத்தியசாலையில் அத்துரோபின் ஏற்றுவார்கள். தசையை அசைக்க நரம்பு ஒரு இரசாயனத்தால் செய்தி சொல்கிறது. சொல்லி முடிந்ததும் அந்தச் செய்தியை அழிக்க ஒரு நொதியம் உண்டு. மருந்து அந்த நொதியத்தை முடக்கிவிடும். செய்தி அழியாமல் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும்.

இது முதலாவது வாசல். சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் இன்னொரு கட்டத்தைக் கண்டு எழுதினார்கள். நஞ்சு ஏறி 1 முதல் 4 நாளுக்குள், தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளிக்குக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்து போகும். இலங்கை வைத்தியசாலைகளின் கட்டில்களைப் பார்த்து எழுதிய அந்தக் கட்டுரையை இன்று உலகமெங்கும் மருத்துவ மாணவர் படிக்கிறார்கள். மூன்றாவது வாசல் இன்னும் பிந்தித் திறக்கும். 1 முதல் 3 கிழமை கழித்து, நீளமான நரம்புகள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வரும். உடம்பில் மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, ஆகவே கால்தான் முதலில் விழும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்தது அந்த மூன்றாவது.

ஆனால் டிசிபி என்பது ஒரே பொருள் இல்லை. ஒரே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறுவேறாக அது 10 வடிவத்தில் வரும். நரம்பைப் பதம் பார்ப்பவை ஓர்த்தோ என்ற நிலையில் கிளை உள்ளவை. மொரோக்கோவுக்குப் பிறகு ஒயில் செய்பவர்கள் அந்த வடிவங்களைக் குறைத்துக் குறைத்து இன்று மிகச் சொற்பமாக்கிவிட்டார்கள். மெக்னெஸில் ஒருவர் கரண்டிக்கணக்கில் உண்டதற்கும், விமானி காற்றில் சுவாசிக்கும் நுண்ணளவுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆகவே விமானிகளின் கைவிறைப்புக்கும் நினைவுத் தடுமாற்றத்துக்கும் டிசிபி ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கடினம். சிதைந்த ஒயிலில் காபனோரொட்சைட்டும் எரிச்சலூட்டும் அலிடிகைட்டுகளும் மிக நுண்ணிய துகள்களும் இருக்கும். எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதில்தான் சண்டை.

பிரித்தானியாவின் நச்சியல் குழு 2007இல் இதை ஆராய்ந்தது. விமானிகள் எழுதிய முறைப்பாடு 100 பறப்புக்கு 1, பொறியியல் சோதனையில் உறுதியானது 2,000 பறப்புக்கு 1 என்று கணக்குச் சொன்னது. நோய்க்கு இதுவே காரணம் என்று நிறுவச் சான்று போதாது என்றும் சொன்னது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட 2017 ஆய்வில் 69 பறப்புகளில் காற்றை அளந்தார்கள். வழமையான நாளில் விமானக் காற்று அலுவலகத்துக் காற்றைவிட மோசமில்லை என்று வந்தது. மறுபக்கத்தில், 2011இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் விமானப் பயணம் முடித்த 12 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 6 பேரிடம் ஓர்த்தோ டிசிபி தொட்டுப்போன தடம் இருந்தது. மிகச் சிறிய தடம், ஒருவருக்கும் நோயில்லை. ஆனாலும் உடம்புக்குள் போகிறது என்பது தெரிந்தது.

இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு எனக்குத் தோன்றுவது இதுதான். வழமையான நாளை அளந்துவிட்டு, வழமையில்லாத நாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மழை இல்லாத மாதத்தில் இரணைமடுவின் மட்டத்தை அளந்து, வெள்ளம் வராது என்பது போன்றது அது. இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் ஊருக்கு வந்துபோகும் பயணி இதற்காக நித்திரை இழக்கத் தேவையில்லை. விமானப் பணியாளர் நிலை வேறு. ஐரோப்பிய விதிப்படி ஒருவர் வருடத்துக்கு 900 மணித்தியாலம் வரை பறக்கலாம். அவருக்கு அது வேலைத்தலம். வேலைத்தலத்துக் காற்றை அளந்து பார்க்கச் சொல்லும் உரிமை ஆலைத் தொழிலாளிக்கு இருக்கிறது. விமானப் பணியாளர் கேட்டால் மட்டும் முதலில் நோயை நிரூபி என்கிறார்கள்.

இங்கே எங்கள் நாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். 1984இல் பரதியோன், 1995இல் மொனோகுரோட்டோபொஸும் மெதமிடோபொஸும், 2008க்குப் பிறகு டைமெதோயேற்றும் பென்தியோனும் என்று வயலுக்கு அடிக்கும் இந்த மருந்துகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. நஞ்சால் இறந்தவர் தொகை பெருமளவு இறங்கியது. அது யாரோ நல்ல மனம் வைத்ததால் மட்டும் நடக்கவில்லை. வைத்தியசாலைப் பதிவேட்டில் எந்த மருந்து, எத்தனை பேர் என்று எழுதப்பட்டிருந்தது. கையில் எண்ணிக்கை இருந்ததால் வாதாட முடிந்தது. விமானப் பணியாளரிடம் இருப்பது பறப்புக் குறிப்பேட்டில் ஒரு வரி, "மணம் இருந்தது" என்று. பொறியியலாளரின் வரி, "சோதித்தோம், ஒன்றும் இல்லை" என்று.

மணம் வந்தால் என்ன செய்கிறார்கள்? விமானிகளுக்கு முகத்தை மூடிப்பிடிக்கும் முகமூடி உண்டு. அதில் நூற்றுக்கு நூறு ஒட்சிசன் அமுக்கத்தோடு வரும், அறைக்காற்று உள்ளே புகாது. முதல் வேலை அதை மாட்டுவது. கண்டுபிடிப்பது பிறகு. ஒரு பக்கத்துக் காற்றமைப்பை நிறுத்திப் பார்ப்பார்கள், பிறகு மறுபக்கத்தை. உள்ளே சுற்றும் விசிறிகளை நிறுத்துவார்கள். மணம் நிற்காவிட்டால் விமானத்தைக் கிட்டிய விமான நிலையத்தில் இறக்குவார்கள். பணிப்பெண்களுக்குத் தலையை மூடும் புகைக்கவசம் சில இருக்கும்.

பயணிகளுக்கு மேலிருந்து தொங்கும் மஞ்சள் கிண்ணம் இதற்கு உதவாது. பலருக்கு இது தெரியாது. அது அமுக்கம் விழுந்தால் மட்டும் பயன்படுவது. அறைக்காற்றோடு ஒட்சிசனைக் கலந்துதான் தரும். அறைக்காற்றே கெட்டிருந்தால் கெட்டதையும் சேர்த்துத்தான் உறிஞ்சவேண்டும். அதனால்தான் புகைமணம் வந்தாலும் விமானிகள் அதை இறக்கமாட்டார்கள். சிலர் வீடியோ எடுத்து முகமூடி தரவில்லை என்று முறையிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியை மூக்கில் பிடித்துக் குனிந்திருங்கள் என்று பணிப்பெண் சொல்வதுதான் அந்த நேரத்தில் சரியான சொல்.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருந்தது. எயார் சிலோன் 1970களில் பறக்கவிட்ட டிசி-8 விமானத்தின் பழைய படம் எங்காவது கிடைத்தால் மூக்கின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். தாடையில் இரண்டு வாய் திறந்திருக்கும். வெளிக்காற்று அதன் வழியாக வந்து, தனிப் பம்புகளால் இறுக்கப்பட்டு உள்ளே போனது. போயிங் 707இலும் தனிப் பம்ப் இருந்தது. தனிப் பம்ப் என்றால் தனி எடை, தனிப் பராமரிப்பு, தனிச் செலவு. எஞ்சினிலேயே இறுகிய காற்று இருக்க இது எதற்கு என்று பிறகு வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், இந்தமுறை மின்சாரப் பம்பாக. அதற்கும் சொன்ன முக்கியக் காரணம் எரிபொருள் மிச்சம். அடுத்தமுறை ஏறும் விமானம் 787 என்றால், இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குக் கீழே பாருங்கள். எஞ்சினோடு தொடர்பில்லாமல் சில காற்று வாய்கள் அங்கே தெரியும்.